காரணம் என்ற கட்டம்

ஏழு இருபது விமானம்
எட்டு பத்து ஆனது.
எட்டு பத்து ஒன்பதானபோது
பெருங்குடிப் பக்கத்து வெயில்
ஓடுதளத்தில் மல்லாந்து கிடந்தது.
இங்கே ஒரு பொட்டு மூட்டமில்லை.
சென்னையில்தான் போகி.
பழைய பாயும் டயரும் எரிந்த புகையில்
அங்கே எதுவும் இறங்க முடியவில்லையாம்.

எனக்குப் பதினோரு மணிக்கு விசாரணை.
‘குறித்த நேரத்தில் ஆஜராகத் தவறினால்
ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கப்படும்.’
முதல்நாளே கிளம்ப விடுப்புக் கேட்டேன்.
பொங்கல் சிறப்புப் பேருந்து, ஆளில்லை என்று
விடிய நாலு மணிவரை விடவில்லை அதே அலுவலகம்.
மைத்துனன் போனில் தட்டி எடுத்த டிக்கெட்
மூவாயிரத்து அறுநூறு.
‘கூட்டமெல்லாம் எதிர்த்திசையில்,
அதான் மலிவு’ என்றான்.

மாட்டுத்தாவணியில் நான் டைம் கீப்பர்.
பதினேழு வருஷமாகத் தாமதம்
என் கையெழுத்தில்தான் பதிவாகும்.
நாலு நிமிஷம் பிந்தினால்
தென்காசிக்காரனும் ராஜபாளையத்துக்காரனும்
சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள்.
இங்கே யாரும் கத்தவில்லை.
நாற்காலிக்கு ஒரு தலை
போனுக்குள் குனிந்திருந்தது.

பக்கத்து இருக்கையில் குபேந்திரன்,
மஹால் ஏழாவது தெரு,
மடியில் புடவை சாம்பிள் பெட்டி.
மாசம் ரெண்டு தடவை பறக்கிறவர்.
‘ரெண்டு மணி நேரம் தாண்டட்டும், டிபன் கேளுங்க.
கேட்டாத்தான் வரும்.
ஆறு மணி நேரம்னா வேற பிளைட், இல்ல பணம் வாபஸ்.
நஷ்டஈடு மட்டும் வாயெடுக்காதீங்க,
போகிப் புகைக்கு யாரு ஜவாப்தாரி?’

ஒன்பது இருபத்தொன்றுக்குப் போய் நின்றேன்.
ரோஸ்லின் என்றது நெஞ்சுப் பட்டை.
இருட்டில் வேலைக்கு வந்தவள்,
ஒரு குதிகாலைச் செருப்புக்கு வெளியே
இளைப்பாற விட்டிருந்தாள்.
கேட்டதும் கூப்பனைக் கிழித்தாள்.

‘எழுதியும் குடும்மா.
எவ்வளவு தாமதம், என்ன காரணம்.’
‘மெயில் வந்துரும் சார்.’
‘மெயில் வேண்டாம். தாளில். சீல் வைத்து.’

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள்.
தாள் எடுத்தாள்.
புறப்பட வேண்டிய நேரம் எழுதினாள்,
விமான எண் எழுதினாள்,
காரணத்தில் பேனா நின்றது.
‘என்ன சார் போட?’
‘நடந்ததைப் போடு.’

சொன்ன வாய் அங்கேயே உலர்ந்தது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஒன்பது நாற்பது தென்காசி வண்டி
ஒன்பது ஐம்பத்தொன்றுக்குத்தான் நகர்ந்தது.
முத்திருளாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு
கட்டணக் கழிப்பறையில் உட்கார்ந்திருந்தான்.
ஏற்கெனவே ரெண்டு மெமோ வாங்கின டிரைவர்.
தாளில் ஒன்பது நாற்பது என்றே எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

அந்த வண்டியில் போய்
இணைப்பு வண்டியைத் தவறவிட்டவர்
டிக்கெட்டையும் கைக்கடிகாரத்தையும்
சேர்த்துப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.
அதற்கு முன்னால் அவரும்
எங்கோ ஒரு ஜன்னலில் நின்றிருப்பார்.
‘சரியான நேரத்துக்குத்தான் எடுத்திருக்காங்க’ என்று
என் கையெழுத்தைக் காட்டி அனுப்பியிருப்பார்கள்.

‘சென்னையில் புகைமூட்டம்’ என்று எழுதி
ரோஸ்லின் சீல் குத்தினாள்.
மை காய்ந்திருந்தது.
வாயால் ஊதி இன்னொருமுறை குத்தினாள்.

உப்புமா ஆறியிருந்தது.
சட்னி தீர்ந்துவிட்டதாம்,
குபேந்திரன் அதற்கொரு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.
நான் சென்னைக்குப் போன் போட்டேன்.
எடுத்தவர் சொன்னார்:
‘ஐயாவும் இன்னும் வரலைங்க. ஒரே புகை.’
யார் வரவில்லை என்று அங்கே யார் எழுதுவார்கள்,
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

சக்கரம் அசைந்தபோது பத்து ஐம்பத்திரண்டு.
பழக்கம். கை பேனாவைத் தேடியது.
இரண்டு தாளும் மேலே பைக்குள் இருந்தன.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.